பதினாறாம் நம்பர்

வியாகுலம்மாளும் பச்சையம்மாவும் காசிமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பவர்கள். போன வருடம் ராயபுரத்தில் நடந்த புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கும் சேர்ந்துதான் போனார்கள். இருவருக்கும் கருப்பை வாயில் ஒரே வைரஸ் இருந்தது. எச்.பி.வி., பதினாறாம் நம்பர். புண் எதுவும் இல்லை, முக்கால்வாசிப் பேருக்குத் தானாகப் போய்விடும், அடுத்த வருடம் வாருங்கள் என்று டாக்டர் கார்குழலி அனுப்பிவைத்தார்.

இந்த வருடம் பச்சையம்மாவுக்குப் போய்விட்டது. வியாகுலம்மாளுக்குப் போகவில்லை. கிள்ளியெடுத்த சதையில் செல்கள் மாறத் தொடங்கியிருந்தன.

"கேன்சரா?"

"இன்னும் இல்ல. அப்படியே விட்டா ஆகலாம்."

வியாகுலம்மாள் எழுந்தாள். அரைக்கூடை சங்கரா மீன் கிடக்கிறது, விற்க வேண்டும் என்றாள். கதவு வரை போனவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு செத்து ஏழு வருசமாவுது டாக்டர். நான் வேற யாரையும் பாத்ததில்ல. எங்கேர்ந்து வந்துது?"

"உடலுறவுல பரவறதுதான். ஆனா எப்ப வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. பல வருஷம் சத்தமில்லாம உள்ளேயே கிடக்கும்."

பக்கத்தில் இருந்த பச்சையம்மாவைக் காட்டினாள். "இவளுக்கும் அதே நம்பருதானே?"

"நம்பர் ஒண்ணுதான். அதுக்குள்ளயே பல வகை இருக்கு, மரபணுவில சின்னச் சின்ன வித்தியாசம். நீங்க ரெண்டு பேரும் ஆராய்ச்சிக்குச் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டீங்கல்ல, அதுல பார்த்தா உங்களுது வேற வகை, அவங்களுது வேற வகை. சில வகை லேசுல போகாதுங்கறாங்க. உங்களுக்கு அதனாலதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்."

வெளியே வந்ததும் பச்சையம்மாதான் அழுதாள். வியாகுலம்மாளுக்குக் கண் வறண்டு கிடந்தது.

"நீ இன்னாத்துக்கு அழுவுற? உனுக்குதான் பூட்ச்சே."

"அதுக்குதாண்டி அழுவுறேன்."

வீட்டில் வியாகுலம்மாள் புருஷன் ராசையாவின் படத்துக்கு எதிரில் வெகுநேரம் நின்றாள். "இது உனுக்குத் தெரியுமாய்யா?" என்று கேட்டாள். அவனுக்கும் தெரிந்திருக்காது என்று பட்டது. அது இன்னும் திகைப்பாக இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

அடுத்த வாரம் கெட்டுப்போன இடத்தைச் மின்சாரத்தில் சூடேறும் மெல்லிய கம்பி வளையத்தால் வெட்டியெடுத்தார்கள். பச்சையம்மா வியாபாரத்துக்குப் போகாமல் வெளியே காத்திருந்தாள். வெட்டிய ஓரங்களில் கெட்ட செல் எதுவும் மிச்சமில்லை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்று ரிப்போர்ட் வந்தது. வியாகுலம்மாள் டாக்டரை அதை மூன்று முறை சொல்லச் சொன்னாள்.