விசாரணை மேசைக்கு ஒரு ஆள்

ஆஸ்பத்திரி நிர்வாகம் எனக்குக் கொடுத்திருப்பது சலவைப் பிரிவுக்கு மேலே உள்ள அறை. கீழே இயந்திரம் ஓடினால் என் நாற்காலியும் சேர்ந்து ஆடும். வேலை முடிந்து வருகிற ஊழியர்களுக்கு நான் ஆங்கிலம் சொல்லித் தர வேண்டும். உண்மையில் சொல்லித் தருவது அவர்கள் போனில் இருக்கும் செயலிதான். நான் சார்ஜர் தேடிக் கொடுப்பேன், மறந்த பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பேன். இதற்குத்தான் இத்தனை வருஷம் இலக்கணம் படித்தேனோ என்று அலுப்பாக இருக்கும்.

தினமும் ஒரு பாடம் முடித்தால் ஒரு நட்சத்திரம். ஒரு நாள் விட்டால் சேர்த்ததெல்லாம் போச்சு. வகுப்பிலேயே அதிக நட்சத்திரம் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்பு துவைக்கும் ஒரு பெண்ணுக்கு. எல்லாரும் அவளை 'ஸ்டாரக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவள் சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டுவாள்.

கீழ்த்தளத்து விசாரணை மேசையில் ஒரு இடம் காலியானது. வெளிநாட்டு நோயாளிகளும் வருவதால் ஆங்கிலம் பேசுகிற ஆள் வேண்டும். கண்காணிப்பாளர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரையில் நட்சத்திரக் கணக்கைப் பார்த்து ஸ்டாரக்காவின் பெயரைப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் நேர்காணல். ப்ளீச் நெடியில் அவளுக்கு மூச்சிரைப்பு வந்திருந்தது. இந்த இடம் கிடைத்தால் அவள் அந்த இயந்திரங்களை விட்டு வெளியே வந்துவிடலாம். விட்டால் அடுத்து எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயங்காலம் வகுப்பு முடிந்ததும் அவளை உட்காரவைத்தேன். நோயாளி மாதிரி, எக்ஸ்ரே அறை எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவள் என் வாயையே பார்த்தாள். இன்னும் மெதுவாகக் கேட்டேன். உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை.

"பயப்படாதீங்க. போன்ல போடறதுதானே?"

"அது நான் போடல டீச்சர்."

"பின்ன யாரு?"

"எங்க வீட்டுக்காரர். ஒரு நாள் விட்டா எல்லாம் போயிடும்னு சொன்னீங்கல்ல. எனக்கு வேலை, அப்புறம் அடுப்படி. 'நீ விடு, நான் போட்டுடறேன்'னு வாங்கிப்பார். நடுவுல நான் தொறந்து பாப்பேன். ஒண்ணுமே புரியாது. எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சேன்."

சரியாகப் பதில் வந்தால் அடுத்ததாகக் கடினமான பாடத்தைத் தருவதுதான் அந்தச் செயலியின் வேலை. அவர் சரியாகப் போடப் போட, பாடம் இவளை விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. இவள் தன்னையே முட்டாள் என்று திட்டிக்கொண்டு துவைத்திருக்கிறாள்.

கணவர் கீழே காத்திருந்தார். லாரி ஓட்டியவர், முட்டி போனதிலிருந்து வீட்டில்தான். கூப்பிட்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். அதே கேள்வியை அவரிடம் கேட்டேன். நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள், லிஃப்ட்டுக்கு எதிரே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் பொளந்து கட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"இவளுக்காகத்தான் டீச்சர். பாவம், அலுத்து வராளே, நம்மளால முடிஞ்ச உதவி பண்ணுவோம்னுதான்."

மனுஷன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"பாத்திரம் கழுவியிருக்கலாமே," என்றாள் அவள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"நீங்க பாத்திரத்தைக் கழுவி வெச்சிருந்தா, பாடத்தை நான் படிச்சிருப்பேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். கீழே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நாளைக்கு வேற யாரையாவது அனுப்பச் சொல்லுங்க டீச்சர். அங்க போய் ஊமை மாதிரி நிக்க என்னால ஆகாது."

கண்காணிப்பாளருக்குச் செய்தி அனுப்பினேன். அடுத்த நிமிஷமே 'சரி' என்று பதில் வந்தது. ஏன் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"இதை மொதல்லேர்ந்து ஆரம்பிக்க முடியுமா?" என்று போனை நீட்டினாள்.

"நட்சத்திரம் எல்லாம் போயிடும்."

"போகட்டும்."

அழித்துக் கொடுத்தேன். முதல் பாடம் வந்தது. மேசையிலேயே குனிந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தாள்.

அவர் கதவருகே நின்றார். "வீட்டுக்குப் போலாமா?"

"நீங்க போங்க. நான் முடிச்சிட்டு வரேன்."

"அப்போ சாப்பாடு?"

குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"வைங்க."

"அரிசி எங்க இருக்கு?"

அவள் படித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தேடுங்க," என்றாள்.