கடைசி இருக்கை வரை

லாஸ் ஏஞ்சலஸில் கதை விற்கப் போனால் எவரும் முடியாது என்று சொல்லித் தொலைக்க மாட்டார்கள். "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்பார்கள், லிஃப்ட் வரை வந்து வழியனுப்புவார்கள், அதோடு சரி. முதல் தடவை நான் அதை நம்பி, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன். மூன்று வாரம் போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூறு கெட்டவள்.

நான் நோரீன். பேக்கர்ஸ்ஃபீல்டில் பள்ளிப் பேருந்து டிப்போவில், வண்டிகளோடு பேசுகிற ரேடியோ முன்னால் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாக ஓட்டுநர்களை மேய்க்கிறவள். அந்த ரேடியோ அறையை வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடர் யோசித்து வைத்திருக்கிறேன். அங்கே எனக்காகக் கதையை விற்றுத்தர ஏஜென்டும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. பதினோரு நிறுவனங்களுக்குக் கதையை அனுப்பினேன். பதினொன்றும் உறையைப் பிரிக்காமலே திரும்பி வந்தன. ஏஜென்ட் இல்லாதவர்கள் அனுப்புவதைப் படித்துவிட்டால், நாளைக்கே கதையைத் திருடிவிட்டதாக வழக்குப் போடுவார்கள் என்று பயமாம். அப்புறம் ஒரு ஹோட்டலில், வெளியாட்கள் ஆளுக்கு ஐந்து நிமிஷம் பேசலாம் என்று கூட்டம் வைத்தார்கள். அங்கே வரிசையில் நின்று வாயடித்ததில் மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டு இடத்தில் ரொம்பப் பிடித்துவிட்டது. இன்று மூன்றாவது.

கூட வந்தவன் கில். அறுபத்தொரு வயது, எங்கள் டிப்போவில் பேருந்து ஓட்டியவன். அவன் வீட்டு கராஜில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் கதையை எழுதினோம். எழுதியது அவன், பேசுவது நான்.

"காலை ஆட்டாதே, வண்டியே குலுங்குது" என்றான்.

"என் கால், நான் ஆட்டுறேன். உனக்கென்ன?"

"இன்னைக்கும் பிடிச்சிருக்குன்னு சொல்லிட்டா?"

"வாயக் கழுவு."

அவனுக்கும் படபடப்புதான். போட்டிருந்தது மகள் டேனியல் வாங்கிக் கொடுத்த சட்டை. அதன் காலர் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

தொடரின் முதல் பகுதி நிஜமாக நடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூன் மாதம், நூற்று நாலு டிகிரி வெயில். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் ஓட்டுநர் கடைசி இருக்கை வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும், பின் கண்ணாடியில் 'காலி' என்ற அட்டையை மாட்ட வேண்டும். அன்றைக்கு கில் பார்க்கவில்லை. ஆறு வயதுப் பெண் ஒருத்தி பின் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது நிமிஷம் கழித்து ஒரு மெக்கானிக் பார்த்துத் தூக்கி வந்தான். பிழைத்துவிட்டாள், நல்ல வேளை. கில்லின் உரிமம் போனது, வேலை போனது, அந்த வருஷமே மனைவியும் போனாள். அதற்கு மேலும் ஒன்று உண்டு. அது கில்லுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எங்களைக் கூப்பிட்டிருந்தவள் பெயர் ஷெல்பி. முப்பத்தைந்து இருக்கும். எந்தக் கதையை வாங்குவது என்று முடிவு செய்கிற இடத்தில் இருக்கிறவள். பக்கத்தில் ஒரு பெண் மடிக்கணினியில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று ஆரம்பித்தேன். இருபது நிமிஷம், ஒரு வார்த்தை தடுக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் ஷெல்பி சிரித்தாள். முடித்ததும் இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டாள்.

"ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றாள்.

நான் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத ஏன் நீங்க சொல்லணும்? நல்ல ரைட்டர் யார் வேணா இத எழுதலாமே?"

இதை எல்லா அறையிலும் கேட்கிறார்கள். உனக்குள் எது அறுந்து இந்தக் கதை வந்தது, அதை எடுத்து மேஜை மேல் வை என்று அர்த்தம். அம்மா குடித்ததைச் சொல்லி விற்றவர்கள் உண்டு, புற்றுநோயைச் சொல்லி விற்றவர்கள் உண்டு. எனக்கு முன்னால் வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே போனான்.

"பத்தொம்பது வருஷமா அந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்" என்றேன்.

"ம்ம். சூப்பர்" என்று ஷெல்பி போனைத் திருப்பி மணி பார்த்தாள்.

அவ்வளவுதான், போயிற்று. இரண்டரை மணி நேரம் மலையேறி இறங்கி வந்தது, கராஜில் உட்கார்ந்த இரண்டு வருஷம், எல்லாமே போயிற்று. நாளைக் காலை ஐந்து மணிக்கு மறுபடி அதே நாற்காலி. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அதுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

"அந்த ஓட்டுநர் மறக்கல" என்றேன். "கதையில மறக்கறாரு. நெஜத்துல மறக்கல. அவருக்கு அன்னைக்குக் காய்ச்சல், வாந்தி. ரேடியோவுல கூப்பிட்டு, என்னால பின்னாடி நடக்க முடியல, யாரையாவது அனுப்பிப் பாருங்கன்னு சொன்னாரு. சரின்னு சொன்னது நான். அதுக்குள்ள மூணு போன் வந்துச்சு. மறந்துட்டேன். தாள்ல காலின்னு டிக் போட்டுட்டேன். அப்புறம் விசாரணையில, அப்படி அவரு கூப்பிட்டதா எனக்கு ஞாபகமே இல்லைன்னு சொல்லிட்டேன்."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஐயோ" என்றாள் ஷெல்பி. கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "இதுதாங்க தொடர். ஓட்டுநர் இல்ல, நீங்க. ரேடியோ முன்னாடி உக்காந்திருக்கறவ. எனக்கு இது வேணும். இப்பவே மேல போய்ப் பேசறேன். அந்த ஓட்டுநர் இப்ப எங்க இருக்காரு?"

கில் எழுந்தான். தண்ணீர் பாட்டிலை மூடி மேஜையில் வைத்தான். "நான் கீழ இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஷெல்பி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

கீழே வந்தபோது அவன் காரில் உட்கார்ந்திருந்தான். நான் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் போன் அடித்தது. குறிப்பு எடுத்த பெண்தான். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டேன்.

"நோரீன், மேலே ஓகே சொல்லிட்டாங்க! ஆனா இது கில் சார் வாழ்க்கையில நடந்ததாச்சே, அவர் சம்மதக் கையெழுத்து கட்டாயம் வேணுமாம். அது இல்லாம வக்கீல்கள் விடமாட்டாங்க. இன்னைக்கே வாங்கிட முடியுமா?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன். மேலே ஓகே. இதற்காகத்தான் இத்தனை பாடு. சந்தோஷம் ஒரு நொடி வந்ததையும் மறைப்பதற்கில்லை. வந்தது.

"நான் கூப்பிட்டேனா?" என்றான் கில்.

"கில், கேளு. அன்னைக்கு வெயில் நூத்தி நாலு. எதிர்ல மூணு போன்..."

"அது மேல அவகிட்ட சொன்ன கதை. கையக் கீழ போடு."

கதை சொல்லும்போது ஆடுகிற மாதிரியே கை அதுவாகக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மடியில் போட்டேன். கூச்சமாக இருந்தது.

"நீ கூப்பிட்டே" என்றேன். "எனக்குக் கேட்டுச்சு. வேலை போயிரும்னு பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அவன் எதிரே இருந்த தூணையே பார்த்தான்.

"காய்ச்சல்ல கனவு கண்டிருப்பேன்னு நெனச்சேன்" என்றான். "கூப்பிட்ட மாதிரியும் இருக்கும், கூப்பிடாத மாதிரியும் இருக்கும். அப்புறம் நானே முடிவு பண்ணிட்டேன், கூப்பிடலன்னு. பன்னெண்டு வருஷம், நோரீன். என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு நாள் கிடைக்கல. அந்த ஷெல்பிகிட்ட சொல்ல ரெண்டு நிமிஷம் கிடைச்சுது."

"மன்னிச்சிரு."

"டேனியல் என் பேரனை என்கூடத் தனியா விடமாட்டா, தெரியுமா? நான் கேக்கறதும் இல்ல. பின் சீட்டுல குழந்தைய மறந்தவன்தானே. நானே அவகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்."

என் போன் மறுபடி அடித்தது. அதே எண். அவன் அதைப் பார்த்தான்.

"கையெழுத்து எல்லாம் அப்புறம். போடறேனா இல்லையான்னு எனக்கே தெரியல" என்றான். தன் போனை எடுத்து ஏதோ அழுத்தி என்னிடம் நீட்டினான். "டேனியல்கிட்ட சொல்லு. நீயே சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா."

என் போன் மடியில் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்திருந்தால், இன்றே வாங்கித் தருகிறேன் என்று சொல்லி அவர்களைப் பிடித்து வைத்திருக்கலாம். அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் போனை வாங்கிக் காதில் வைத்தேன். எப்படித் தொடங்குவது என்று ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

"சொல்லுங்கப்பா" என்றாள் டேனியல். பின்னால் ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது.

"அப்பா இல்லம்மா" என்றேன். "நான் நோரீன்."