தலையில் ஒட்டிய வெளிச்சம்

...அந்தப் புரதம் அறைக்குள் போகவே இல்லையே, ஓரிடத்திலும் தங்காமல் சோதனைக்கு எடுத்த வெங்காயத் தோலின் கலம் முழுக்கப் பச்சைப் புகையாய்ப் பரவி நின்றதே, அப்படியென்றால் இரண்டு வருடமாகத் தான் சொல்லிவந்தது பொய்யா என்று சர்மிளா தன்னையே கேட்டுக்கொண்டாள், ஊருக்குப் போகும் பொகவந்தலாவை பஸ் வளைவுக்கு வளைவு குலுக்கியது, மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள், உள்ளே நுணுக்குக்காட்டியில் எடுத்த படம்... ஜெலி மீனின் ஒளிரும் புரதத்தைத் தேயிலைப் புரதம் ஒன்றின் தலையில் ஒட்டிவிட்டால், உயிருள்ள கலத்துக்குள் அது எங்கே போகிறதென்று வெளிச்சமே காட்டிக்கொடுக்கும், உருமணி என்கிற சிற்றறைகளுக்குள்தான் போகும் என்று பேராசிரியரிடம் அடித்துச் சொன்னவள் இவள்தான், வாய்க்கொழுப்பு, வேறென்ன? திங்கட்கிழமையும் இதே புகைதான் என்றால் இந்தப் புரதத்தை விட்டுவிடுவோம் என்றார் அவர், கோபமில்லாமல் சொன்னார், அதுதான் வலித்தது, விட்டுவிட்டால் இரண்டு வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர், தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து பேராதனை ஆய்வுகூடம் வரை போனவள் புகையைக் காட்டிவிட்டுத் திரும்புவதா...

நோர்வூட்டில் ஏறிய செல்லசாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், தோட்டத்து ஆபீசுக்கு வரும் கடிதங்களைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பவர் அவர்தான், சட்டைப்பையிலிருந்து கசங்கிய உறை ஒன்றை நீட்டினார். "இந்தா தங்கச்சி, கொழும்புலேருந்து ஒங்கண்ணன் யோகேஸ்வரன் அப்பாவுக்குப் போட்ட கடுதாசி, மூணு வாரமா மேக்கணக்கு டிவிசன், கீக்கணக்கு டிவிசன்னு சுத்திக்கிட்டுக் கெடந்துச்சு." லய நம்பர் எழுதலையாண்ணே என்றாள். "எழுதித்தான் இருக்காரு, அதுமேலயே முத்திரைய ஒட்டிப்புட்டாரு, ஒங்கப்பா மாதிரி பழனியாண்டின்னு தோட்டத்துல அஞ்சு பேரு இருக்காங்க, அனுப்புனவரு பேரும் போடல, யாருக்குன்னு குடுக்குறது? இன்னைக்குத்தான் ஓரத்த உரிச்சுப் பாத்தேன்."

அண்ணனுக்கு எப்போதுமே அவசரம்தான், சிரித்தாள், பாதி உரிந்த முத்திரைக்குக் கீழே அவர்கள் லயத்து நம்பர் சுத்தமாய்த் தெரிந்தது... சிரிப்பு அப்படியே நின்றது. தலையில் அல்லவா ஒட்டினோம்? இந்த அறைகளுக்குப் போகும் புரதங்களுக்கு முகவரி தலைப்பக்கத்தில்தானே இருக்கிறது, படித்ததுதானே, பரீட்சையில் எழுதியதுதானே, அதன்மேல் கொண்டுபோய் வெளிச்சத்தை ஒட்டிவிட்டு, போகவில்லை போகவில்லை என்று புரதத்தைத் திட்டிக்கொண்டு... வழி தெரியாமல் அது அலையவில்லை, முகவரியை மறைத்தவள் இவள். வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் சந்தோஷமாகவும் இருந்தது. வாலில் ஒட்டிப் பார்க்கலாம், போகுமா? போகாமலும் இருக்கலாம், அதற்குப் பேராசிரியர் இன்னும் இரண்டு மாதம் கொடுக்க வேண்டுமே, கொடுப்பாரா, எப்படிக் கேட்பது, இந்த உறையையே மேசையில் வைத்துவிட்டால் என்ன...

"அண்ணே, நான் இப்பவே எறங்கிப் பேராதனைக்குத் திரும்பணும், கடுதாசிய நீங்களே அப்பாகிட்ட குடுத்துடுங்க, உறைய மட்டும் நான் வச்சுக்கிறேன்."