சனிக்கிழமை வரை அமுக்காதே

என் தம்பி வில்டரை நான் கடையை விட்டுத் துரத்திவிட்டேன் என்று எங்கள் கோமாஸ் பகுதி முழுக்கப் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். துரத்தத்தான் செய்தேன்.

மணிக்கணக்கில் கணினி வாடகைக்கு விடும் கபினா எங்களுடையது. பதினான்கு பெட்டிகள். அம்மா போனபிறகு பாதி எனக்கு, பாதி அவனுக்கு. லிமாவில் கபினாக்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தபோதும் நாங்கள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் ஒரு விளையாட்டும் அதை ஆட வரும் கூட்டமும்தான். புது விண்டோஸ் எங்கள் பழைய பெட்டிகளில் ஏறாது என்று தெரிந்ததும் வில்டருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒரே வாரத்தில் பதினான்கிலும் லினக்ஸைப் போட்டுவிட்டான்.

பிடித்தது சனி. ஒவ்வொருவர் உட்காரும்போதும் முதல் ஆட்டம் முழுக்கப் படம் நின்று நின்று திக்கும். வாங்கிக் கட்டிக்கொண்டது நான்.

"என்னடா எழவு இது? வர்றவன் எல்லாம் என் மூஞ்சியிலதான் காறித் துப்புறான்."

"முதல் தடவை ஓடுறப்ப அப்படித்தான்க்கா இருக்கும். படத்தையெல்லாம் இந்தப் பெட்டிக்கு ஏத்த மாதிரி தயார் பண்ணி வச்சுக்குது. அடுத்த ஆட்டத்துல சரியாயிடும்."

"ஒரு மாசமா முதல் தடவையா?"

"நீதான் ஆள் மாறும்போதெல்லாம் ரீஸ்டார்ட் அமுக்குறியே. தயார் பண்ணினது அத்தனையும் அழிஞ்சுபோகுது."

அமுக்காமல் என்ன செய்வது? எந்தக் கபினாவிலும் அதுதான் வழக்கம். ஒருவன் எழுந்து போனதும் பொத்தானை அமுக்கினால் அவன் விட்டுப்போன கடவுச்சொல், கண்ட கண்ட படம், வைரஸ் எல்லாம் துடைத்தெறியப்பட்டுப் பெட்டி பழையபடி ஆகிவிடும். பன்னிரண்டு வருடமாக அமுக்குகிறேன். விண்டோஸில் அமுக்கியபோது திக்கவில்லையே!

"ஒரே ஒரு நாள் கடையை மூடுக்கா. எல்லாத்துலயும் ஆட்டத்தை ஓடவிட்டு, அதையும் சேத்து நிரந்தரமா பதிஞ்சு வச்சிடுறேன். அப்புறம் நீ ஆயிரம் தடவை அமுக்கு."

"மூடணுமா? என் பொணம் போற அன்னைக்கு மூடிக்கோ."

சும்மா சொன்ன சாக்கு என்றுதான் நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை பக்கத்துப் பகுதியான கராபாய்யோவின் கபினாக்காரர்கள் எங்கள் குழுவோடு மோத வருவதாக இருந்தது. வாடிக்கையாளர்கள் எதிரிலேயே அவனிடம் சொன்னேன்: "சனிக்கிழமை திக்குச்சுன்னா நீ பையைத் தூக்கிட்டுக் கிளம்பு. கடை முழுசா எனக்கு."

"திக்கலைன்னா?"

"உன் லினக்ஸுக்கு நானே மெழுகுவத்தி ஏத்துறேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினான்கிலும் அந்த ஆட்டத்தை ஓடவிட்டுச் சோதித்தான். கிளம்பும்போது சுவரில் ஒரு தாளை ஒட்டினான்: சனிக்கிழமை ஆட்டம் முடியும்வரை அமுக்காதே.

மறுநாள் பதினோரு மணிக்கு கராபாய்யோ ஆட்கள் வந்துவிட்டார்கள். ஆறாம் பெட்டியின் திரை முழுக்க, முந்தின நாள் எவனோ வைத்துவிட்டுப் போன அரைகுறை ஆடைப் பெண் ஒருத்தி. விருந்தாளிகளை இதன் முன்னாலா உட்காரவைப்பது? அமுக்கினேன். ஒன்றை அமுக்கிய கை மற்றதையும் அமுக்கிக்கொண்டே போனது. தாளை நான் பார்க்காமல் இல்லை. ஒரு தாள் எனக்குக் கடை நடத்தச் சொல்லித்தருமா?

ஆட்டம் தொடங்கியது. பத்துப் பெட்டியும் திக்கின.

"இது கபினாவா, போட்டோ ஸ்டூடியோவா?" என்று வந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் குழுத்தலைவன் எதில்பெர்த்தோ, மோட்டோடாக்சி ஓட்டுகிறவன், கத்தினான்: "நேலிடாக்கா, என் ஆளு ஒரு அடி எடுத்து வைக்கிறதுக்குள்ள செத்துப்போறான்!"

முதல் ஆட்டம் தோற்றோம். வில்டரைப் பார்த்து வாசலைக் காட்டினேன். அவன் மேசைக்கடியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் ஆட்டம். அதே ஆட்கள், அதே பெட்டிகள். ஒரு திக்கல் இல்லை.

"என்னக்கா பண்ணினீங்க? பறக்குது!" என்றான் எதில்பெர்த்தோ.

நான் ஒன்றும் பண்ணவில்லை. அதுதான் விஷயம். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். வில்டர் தூறலில் நின்றுகொண்டிருந்தான்.

"நான் அமுக்கிட்டேன்டா."

"பாத்தேன்."

"பாத்தியா? எங்கருந்து?"

"வாசல்லதான் நின்னேன். எல்லாருக்கும் குடிக்கச் சிச்சா வாங்கிட்டு வந்தேன்ல."

"பாவி, ஓடி வந்து என் கையைப் பிடிக்கிறதுக்கென்ன?"

"பிடிச்சிருக்கலாம்." பஸ் வந்து நின்றது. "பன்னெண்டு வருசமா உன் கையைப் பிடிச்சுப் பிடிச்சு அலுத்துப்போச்சுக்கா. பை காலையிலேயே கட்டியாச்சு."

ஏறிவிட்டான். திக்கினாலும் திக்காவிட்டாலும் அவன் போகத்தான் இருந்திருக்கிறான். என்னிடம் சொல்லக்கூட இல்லை. அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் எனக்கு அடங்கவில்லை.

திரும்பி வந்தபோது மூன்றாவது ஆட்டத்தையும் ஜெயித்து மேசையில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். "வில்டர் எங்க? கை குடுக்கணும்" என்றான் எதில்பெர்த்தோ. "துரத்திட்டேன்" என்றேன்.

இது நடந்து பத்தொன்பது நாள் ஆகிறது. ஒரு பெட்டியையும் நான் அணைக்கவில்லை, அமுக்கவில்லை. எவன் என்ன குப்பையை விட்டுப்போனாலும் உட்கார்ந்து கையால் அழிக்கிறேன். பெட்டிகள் இப்போது தயார் பண்ணி வைத்திருப்பதை நிரந்தரமாகப் பதிய எனக்குத் தெரியாது. மின்சாரம் போனால் எல்லாம் போய்விடும். வில்டரைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட மாட்டேன். மின்சாரம் போகக்கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். சில நாள், போய்த் தொலையட்டும் என்றும்.