மேசையருகே லெவ்

1.

இந்தக் கதை என் கணவரின் லப்டொப்பில் தொடங்கியது. கனகசபாபதி இளமையில் ரஷ்யாவின் வொரோனெஷ் நகரத்தில் பொறியியல் படித்தவர். அந்த ஊரில் பிறந்த கூடைப்பந்து வீரன் ஒருவனின் ஆட்டங்களை எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் லப்டொப் முன்னால் இருந்து இருபது வருடங்களாகப் பார்த்தார். போன மாசியில் அவர் போய்விட்டார். வீரன் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தான். அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

கதை என்றால் முடிவு வேண்டும். முடிவென்றால் அவனை நான் ஓய்வுபெறச் செய்யவேண்டும். அதற்குத்தான் மனம் வரவில்லை.

"அம்மா, அவன் இன்னும் ஆடுறானோ எண்டு ஃபோனில பார்த்தா இப்பவே தெரிஞ்சிடும்" என்கிறாள் மகள் றஷ்மி. வேண்டாமென்றேன். இங்கே அவனுக்கு லெவ் என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன், நீங்களும் தேடிப் பார்த்து எனக்குச் சொல்லிவிடாதபடி.

2.

முதல் தொடக்கம்: 'பனி பெய்துகொண்டிருந்த ஒரு' — வேண்டாம். பனியை நான் கண்டதில்லை.

இரண்டாவது: 'மொஸ்கோவின் பெரிய கழகமொன்றில் தொடங்கிய லெவ், வயது ஏற ஏறச் சிறிய ஊர்களின் கழகங்களுக்கு இறங்கி வந்தான்.' உண்மைதான். ஆனால் மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது.

கடைசி வருடங்களில் அவன் அதிகமும் மாற்று வீரர்களின் வாங்கில்தான் உட்கார்ந்திருந்தான், தோளில் துவாயோடு. சும்மா இருக்கிற ஒருவனைப் பார்க்கவா இவ்வளவு நேரம் என்று இவரைக் கேட்டேன்.

"உம்மட நாடகத்தில அந்தப் பொம்பிளை மூண்டு மாசமா ஒரே கதிரையில இருந்து அழுறா. அதைப் பாக்கிறீர்தானே."

3.

லெவ் வேறு யாருடையவோ குரலில் பேசுகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்றாவது வரைவில் பயிற்றுநர் அவனுடைய முழங்காலைப் பார்த்து, ஆட முடியுமா என்று கேட்கிறார்:

"ஏலுமோ?"

"ஏலும், ஏலும்."

(ரஷ்யர் இருவர் யாழ்ப்பாணத் தமிழ் கதைப்பதை வாசித்து றஷ்மி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டிலை விட்டு இறங்கி நடக்கச் சொன்னபோது அவளுடைய அப்பா சொன்னது அது. அவருக்கு ஏலவில்லை.)

4.

முடிவுகள்.

ஒன்று: பிரியாவிடை. அவனுடைய இலக்கம் பதித்த சட்டையை அரங்கின் கூரையில் தொங்கவிடுகிறார்கள். (எங்கள் சனமென்றால் பொன்னாடையும் போர்த்தியிருக்கும்.)

இரண்டு: முழங்கால் மடங்கி — எழுதமாட்டேன்.

ஆகவே இவ்வளவுதான். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி. லெவ் புள்ளி குறிப்பவர்களின் மேசையடிக்கு வந்துவிட்டான். உள்ளே இறங்கப்போகும் மாற்று வீரன் அங்கேதான் காத்திருக்க வேண்டும். விசில் ஊதி ஆட்டம் நின்றால்தான் போகலாம். பந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

விசிலை உங்களிடம் தருகிறேன். விரும்பிய நேரம் ஊதுங்கள். நான் அப்போது குசினிக்குள் இருப்பேன், சத்தம் கேட்காதபடி தண்ணீரைத் திறந்துவிட்டு.