தள்ளியிருந்து கடிப்பவை

எலிக் காப்பாளன் காலையில் முகம் கழுவி, தேநீர் குடித்து, மனைவியிடம் சொல்லிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போவான். தடித்த உறை மாட்டிய கையை ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் விடுவான். கடித்த எலியைக் கடித்த எலியோடு இணை சேர்ப்பான். கடிக்காதவை வேறு அறைக்குப் போகும். மூர்க்கம் ரத்தத்தில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்று ஆய்வாளருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முப்பதாவது தலைமுறையில் ஓர் எலி, கூண்டுக்குள் இருந்தபடியே தெருவின் எதிர்ச்சாரிக் கடையில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரரின் கட்டைவிரலைக் கடித்தது.

பிறகு தெருவுக்கு அது பழகிவிட்டது. மூத்திரத்தில் ஊறிய மரத்தூளின் நாற்றம் முதலில் வரும். கடி பின்னால் வரும். தையல்காரர் கட்டுப்போட்ட விரலோடு வந்து, "சார், உங்க எலிக்கு என் ரத்தம் ருசி கண்டுபோச்சு. பேசாம என்னையும் ஒரு கூண்டுல போட்டுடுங்க" என்றார். ஆய்வாளர் அவர் கழுத்தில் கிடந்த நாடாவை இரவல் வாங்கித் தெருவை அளந்தார்.

அடுத்து, பிறந்த குட்டிகளைச் சாதுவான தாய் எலிகளிடம் பால் குடிக்க விட்டார்கள். கண் திறக்கும் முன்பே குட்டிகள் அந்தத் தாய்களைத் தின்றன. மீந்த வால்களைக் காப்பாளன் இடுக்கியால் பொறுக்கினான். அதன்பின் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது மனைவி நிறைமாதம். விடியும்போதெல்லாம் அவன் மணிக்கட்டில் ஒரு கடித்தடம் இருந்தது. பல்லில்லாத ஈறின் சின்ன வளையம், ஈரத்தோடு. அது அவள் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. அவனுடைய அப்பா அம்மாவை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. அடுத்த அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் நிற்கும் அம்மாவின் தோளில் பல் பதியும்.

"உங்க வீட்டு ரத்தம், வேற எப்படி இருக்கும்?" என்று மனைவி சிரித்தாள்.

அவள் வயிற்றைத் தொடுவதை நிறுத்தினான். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். பிறந்தாலும் தூக்கமாட்டேன் என்று அவளிடமே சொன்னான்.

பையன் பிறந்தான். அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. நர்ஸ் துணி மாற்றிக்கொண்டே இருந்தாள். காப்பாளன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவருகே நின்றான். இந்த முறை கடி அவன் கன்னத்தில் விழுந்தது. நர்ஸ் வழக்கம்போலப் பஞ்சை நீட்டினாள். மனைவி, மார்பில் கிடந்த பிள்ளையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசியாகச் சொன்னது:

"கடிச்சா கடிக்கட்டும். வந்து புள்ளைய வாங்குங்க, எனக்குக் கை வலிக்குது."