நிற்காத கார்

கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட கொடியை ஆட்டி, கோப்பையைக் கொடுத்து, மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றிய பிறகும், ஏழாவதாக வந்த கார் நிற்கவில்லை. நகரத்துத் தெருக்களை இணைத்துப் போட்ட அந்தப் பாதை அந்த ஆண்டுதான் கார் பந்தய நாட்காட்டியில் சேர்ந்திருந்தது. பந்தயம் என்றால் என்னவென்று தெருக்காரர்களுக்கு முன்பின் தெரியாததால், இதுவும் அதில் சேர்த்திதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பெட்ரோல் அன்று மாலையே தீர்ந்திருக்க வேண்டும் என்றார்கள் மெக்கானிக்குகள். கணக்கு சரிதான், கார்தான் அதற்குக் கட்டுப்படவில்லை. ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டபோது ஓட்டுநர், "பிரேக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வளைவுல மெதுவாக்கூட போகுது. நிக்கத்தான் மாட்டேங்குது" என்றார். கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு அவருடைய அணி அடுத்த நகரத்துக்குப் போய், அங்கே வேறொருவரை வேறொரு காரில் உட்காரவைத்தது. மாநகராட்சி தடுப்புகளை எடுத்துவிட்டு, சாலையின் இடது ஓரத்தில் அவருக்கென்று மஞ்சள் கோடு போட்டுக் கொடுத்தது. பேருந்துகள் ஒதுங்கிப் போகப் பழகின. அவர் சாப்பாடு கேட்டதில்லை. பசிகூட அவரோடு ஓட முடியாமல் பின்தங்கிவிட்டது. சத்தத்துக்குத்தான் யாராலும் பழக முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதி வாக்கியத்தை நிறுத்தி, கார் போனபின் மீதியைச் சொன்னார்கள். அங்கே பிறந்த குழந்தைகள் பேசத் தொடங்கியபோதே அப்படி இடைவெளி விட்டுத்தான் பேசின. தூக்கமில்லாமல் தெருவில் எல்லோர் கண்ணும் சிவந்தே கிடந்தது.

ஒரு பெட்டியோடு அவர் மனைவி வந்து இறங்கினாள். கொண்டை ஊசி வளைவைப் பார்த்தபடி தையல்கடைக்கு மேலே இருந்த அறையை வாடகைக்குப் பிடித்தாள். அந்த வளைவில் மட்டும் கார் மனுஷன் ஓடுகிற வேகத்துக்குக் குறையும். கீழே கடை வைத்திருந்த தையல்காரி ஆறுதல் சொல்ல மாடியேறினாள்.

"அழாதம்மா. என்னைக்காவது நிக்காமலா போயிடும்?"

"நான் எங்கக்கா அழுதேன்? கல்யாணமானதுலேருந்து அந்த மனுஷன் வீட்ல தங்குனது வருஷத்துக்கு ஒரு மாசம் இருந்தாப் பெரிசு. இப்பப் பாருங்க, டீ ஆறுறதுக்குள்ள நாலு தடவை வந்துட்டுப் போறார்."

உண்மையில் அவள் சேர்ந்து வாழ வரவில்லை. பிரிந்து போகிறேன் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பது அவள் பிடிவாதம். வளைவின் ஓரத்தில் போய் நின்றாள். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம்தான் முடிந்தது. அவள் சொன்னதற்கு அடுத்த சுற்றில் பதில் வரும்.

"உங்கள விட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா போயிடுவியேன்னுதான்."

கடைசியில், "முதல்ல நீங்க நில்லுங்க, அப்புறம் போறேன். ஓடிட்டிருக்கிற ஆள விட்டுட்டுப் போனா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று கத்திவிட்டு மாடியேறிப் போனாள்.

அப்படியே வருடங்கள் போயின. அவள் தையல்கடையில் பட்டன் தைத்தாள், ஓரம் அடித்தாள். ஆண்டுதோறும் பந்தயம் வந்தது; மற்ற கார்கள் அவரை முந்திப் போயின, அவரும் வழிவிட்டார். ஓட்டுநர்களுக்கு வளைவுகளைப் பற்றிச் சொல்லும்போதே அவரைப் பற்றியும் சொல்லிவிடுவார்கள். அவள் தலை நரைத்தது. ஹெல்மெட்டுக்குள் அவர் கண்ணைச் சுற்றியும் சுருக்கம் விழுந்ததை அவள் பார்த்தாள். வாக்குவாதங்கள் குறைந்து, மழை வருமா, கரண்டு இருக்கிறதா என்பதில் வந்து நின்றன.

ஒரு மத்தியானம் ஊசி விரலில் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. சட்டையில் ரத்தத்தைப் பார்த்த தையல்காரிதான் பதறினாள். "நீ கண்ண மூடி எத்தனை நாளாச்சுடி?" அவளுக்கு ஞாபகமில்லை. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வளைவுக்குப் போனாள்.

"ஏங்க, எனக்கு ரொம்ப அசதியா இருக்கு."

கார் சுற்றிக்கொண்டு வந்தது. "எனக்கும்தான்" என்றார் அவர்.

தோற்றபோதும் எலும்பு முறிந்தபோதும் அசதி என்று அவர் ஒத்துக்கொண்டதில்லை. அவள் நடைபாதை ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மறுபடி வந்தபோது, "கொஞ்சம் படுக்கணும். இந்தச் சத்தத்துல எப்படிப் படுக்கிறது?" என்றாள். அடுத்த சுற்றில் கார் சத்தமே இல்லாமல் வந்தது. வேகம் குறையவில்லை, சக்கரங்களும் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அவள் முகத்தில் காற்று மட்டும் அடித்தது. "போய்த் தூங்கு" என்று அவர் மெதுவாகச் சொன்னதுகூடத் தெளிவாகக் கேட்டது.

அவள் மாடியேறிப் படுத்தாள். தையல்காரி மெஷின்மேல் தலை சாய்த்தாள். பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு ஸ்டியரிங்கில் கவிழ்ந்தார். பயணிகளில் ஒருவரும் அவரை எழுப்பவில்லை, அவர்களும் தூங்கியிருந்தார்கள். மறுநாள் மத்தியானம்தான் தெரு எழுந்தது. தாமதத்துக்கு யாரும் யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

"இனிமே நீ கிளம்பிடலாமே?" என்று தையல்காரி பிறகொரு நாள் கேட்டாள். "இப்பத்தானேக்கா அந்த மனுஷன் சொன்ன பேச்சக் கேட்டிருக்கார்" என்றாள் அவள்.

அறையின் ஜன்னலை அவள் இப்போது சாத்துவதில்லை. கார் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் உள்ளே நல்ல காற்று வருகிறது. வெயில் காலத்தில் ஃபேன் போட வேண்டியிருப்பதில்லை.